தவக்காலத்து மல்லி

டிசம்பர் 29, ஞாயிறு

புது வருடத்து டைரியை இன்றே தொடங்கிவிட்டேன். முன்னால் விட்டிருக்கும் வெற்றுத் தாள்கள் எப்படியும் வீணாகத்தானே போகப்போகின்றன. கன்னியர் மடத்து விடுதியில் பதினேழு வருடம் வார்டனாக இருந்தவள் நான். யாருக்குக் காய்ச்சல், யார் சரியாகச் சாப்பிடவில்லை, யார் யாரோடு பேசவில்லை என்று தினமும் எழுதிப் பழகிய கை. கல்யாணமாகி ஒரு மாதமாக எழுதாமல் அரிக்கிறது.

இந்த வீட்டில் கண்காணிக்க ஆளே இல்லை. என் கணவர் சவரிமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்கு முன் திண்டுக்கல்லில் வண்டி ஏறினால் மாலையில்தான் முகத்தைப் பார்க்க முடியும். அவர் மகள் அமலி இங்கேயே பி.காம் படிக்கிறாள். இப்போது திருச்சியில் அவள் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், புது வருடம் முடிந்துதான் வருவாள். மூன்றாவது ஆள் நான், சிறுபுஷ்பம், நாற்பத்து மூன்று வயதுப் புதுப்பெண். கூடத்துச் சுவரில் ஒருவர் இருக்கிறார். பிலோமினா, அமலியின் அம்மா. இறந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த மறுநாளே அந்தப் படத்தைத் துடைத்து, அணைந்து கிடந்த சின்ன பல்பை மாற்றினேன். அமலி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 

அவள் மரியாதைக்குக் குறை வைக்கிறவள் இல்லை. சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். பாங்கில் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் நிற்பவரை சார் என்பார்களே, அந்த மாதிரி.

பின்கட்டில் ஒரு குண்டுமல்லி இருக்கிறது. பிலோமினா வைத்தது. மல்லி என்றால் இடுப்புயரத்தில் கச்சிதமாகக் குத்துச்செடியாக நிற்க வேண்டும். இது மதில்மேல் ஏறி, பின்வீட்டுச் சுந்தரி அக்காவின் மாடியை எட்டிப் பார்க்கிறது. தன்னைக் கொடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது போலும். அடியெல்லாம் காய்ந்த குச்சி, மேலெல்லாம் இலை. வருடத்துக்கு நாலு பூ பூக்குமாம்.

எனக்கு மல்லி ஆகாது. நிலக்கோட்டைப் பக்கம் அப்பாவுக்கு மல்லித் தோட்டம். ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகுமுன் பனியில் நனைந்து மொட்டுப் பறித்தவளுக்கு அதன்மேல் என்ன ஆசை வரும். வாசம் பட்டாலே தலைவலி. கல்யாணத்தன்று கட்டாயத்துக்கு வைத்ததோடு சரி. ஆனாலும் ஒரு செடி இப்படிக் கெட்டுக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி 2, வியாழன்

செடியைக் கவாத்துச் செய்துவிட்டேன். தை பிறந்துவிட்டால் வெட்டுவது உசிதமில்லை. நேற்றே அவரிடம் கேட்டேன். விசிலைக் காணோம் என்று சட்டைப் பையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தவர், "செய்யேன், அதுக்கென்ன" என்றார்.

கிளைகளையெல்லாம் சேர்த்துக் கயிற்றால் கட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டி, மிச்சமிருந்த இலைகளையும் உருவிவிட்டேன். அடியில் கொத்தி எரு போட்டேன். இருபது வருடம் ஆகியும் கைக்கு வேலை மறக்கவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. வெட்டியதைக் குப்பை வண்டியில் ஏற்றியாயிற்று.

மாலையில் அவர் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "ஓரமா நறுக்குவேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "சரி, உனக்குத் தெரியாததா" என்று தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜனவரி 6, திங்கள்

அமலி வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனவள், தண்ணீரைத் திறக்கவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

"செடி எங்க?"

"இந்தா நிக்குதேம்மா. கவாத்துப் பண்ணியிருக்கேன். வெட்டுனாத்தான் துளிர்க்கும். எங்க ஊர்ல வருசா வருசம் வெட்டுவாங்க."

"எங்கம்மா ஒருநாளும் இதுமேல கத்தி வச்சதில்ல."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விடுதியில் சத்தம் போடுகிற பெண்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இவள் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் கோயிலில் முதல்முதலாக நற்கருணை, புதுநன்மை, வாங்கின வருடம் அம்மா இதை வாங்கி வைத்தாளாம். அப்போதெல்லாம் ஈஸ்டருக்கு முழம் முழமாகப் பூக்குமாம். அம்மா போன பிறகு இரண்டு, மூன்றுதான். "அந்த ரெண்டு மூணத்தான் ஈஸ்டருக்குக் கல்லறைக்கு எடுத்துட்டுப் போவேன். இந்த வருசம் அதுவும் இல்ல."

எங்கள் தோட்டத்தில் கவாத்து என்பது நகம் வெட்டுகிற மாதிரி. யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. அதற்காக இந்த வீட்டிலும் அப்படியே செய்திருக்க வேண்டாம். அவள் வரும்வரை நாலு நாள் பொறுத்திருந்தால் ஒன்றும் முழுகிப் போயிருக்காது. இது இப்போது தோன்றி என்ன பயன்.

வாய் சும்மா இருந்ததா. "இந்த ஈஸ்டருக்கு முழக்கணக்குல பூ வரும் அமலி. வரலேன்னா என்னைக் கேளு" என்றேன்.

"உங்களக் கேட்டு என்ன பண்றது சித்தி" என்றாள். மரியாதையாகத்தான். பிறகு கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினேழு வருடத்தில் எந்தப் பெண்ணுக்கும் நான் எதற்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

ஜனவரி 8, புதன்

இருவரிடமும் சொல்லிவிட்டேன். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர் அதிகம் கூடாது, வேர் அழுகிவிடும். யாரும் அதைத் தொட வேண்டாம், துளிர் வரும்வரை நானும் ஊற்றப்போவதில்லை. அவர் தலையாட்டினார். அமலி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

ஜனவரி 11, சனி

வெயில் காய்கிறது. செடிக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு சொம்புதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோயிலில் பூசை முடிந்து வந்து வாசலில் வைத்தோம். "நல்லா இருக்கு" என்று அமலி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். பொங்கலைத்தான் சொன்னாள், என்னை இல்லை. ஆனாலும் இரண்டாம் முறை.

ஒரு சொம்பு ஊற்றினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கணுவில் பச்சைப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றில்லை, நாலைந்து கணுவில் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. நன்றாக வரட்டும், அவர்களாகவே பார்க்கட்டும். படத்தைத் துடைக்கும்போது பிலோமினாவிடம் மட்டும் சொன்னேன். அவளால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

ஜனவரி 24, வெள்ளி

புள்ளியெல்லாம் கறுத்துவிட்டன. விரலால் தொட்டால் உதிர்கின்றன.

மண்ணைக் கிளறினேன், சேறு. நான் எப்போதோ ஊற்றுகிற சொம்புக்கு மண் இப்படி ஆகாது. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து வருகிற குழாய் பக்கத்தில்தான் புதைந்திருக்கிறது. அது எங்கோ கசிகிறது. இன்று இரவுச் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

பிளம்பர் வந்தார். பின்கட்டு சிமெண்டைக் கொஞ்சம் பெயர்த்து, குழாயை முழுக்கத் தடவிப் பார்த்தார். "பைப்பு கல்லு மாதிரி இருக்குக்கா. இந்தத் தண்ணி மேல இருந்து ஊத்துன தண்ணி" என்றார்.

"இங்க யாரு ஊத்துறா" என்றேன்.

"அத நான் எப்படிக்கா சொல்றது" என்று அவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிமெண்டைத் திரும்பப் பூச நாளை வருவாராம். வந்தால் பார்க்கலாம்.

பிப்ரவரி 1, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் அவருக்குக் காப்பி போட எழுந்து பின்கதவைத் திறந்தால், காக்கி பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு என் கணவர் செடிக்கு ஒரு வாளித் தண்ணீரை முழுசாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். திருடனைப் போல வாளியை மெதுவாகக் கீழே வேறு வைக்கிறார். நான் கதவைச் சாத்திவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காததுதான் நல்லதாயிற்று. மாலையில் அமலி டைப்பிங் வகுப்பு முடிந்து வந்து, நான் முன்னறையில் துணி மடிக்கிறேன் என்று நினைத்து, குளியலறை மக்கால் நாலு முறை மொண்டு ஊற்றினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருவரையும் உட்கார வைத்தேன். விடுதியில் முறுக்கு டின் காலியானால் இப்படித்தான் உட்கார வைப்பேன்.

"செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவர், "மொட்டையா நிக்குதுல்ல புஷ்பம். பாக்கப் பாவமா இருந்துச்சு. டூட்டிக்குப் போகையில ஒரு வாளி" என்றார்.

அமலி நிமிர்ந்தாள். "நீங்களுமாப்பா?"

"ஏன், நீ?"

"தெனமும்தான்."

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்து நான் பார்த்தது இன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விசாரணை நடத்துகிறவள் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். காலையில் ஒரு வாளி, மாலையில் நாலு மக். பாசத்தாலேயே அந்தச் செடியை மூழ்கடித்துக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள்.

சிரித்து முடித்ததும் அமலி சொன்னாள். "அம்மா படுத்திருந்தப்ப, ஸ்கூல் விட்டு வந்ததும் மொதல்ல கேக்குறது, செடிக்கு ஊத்துனியான்னுதான். ஊத்திட்டேம்மான்னு சொன்னாத்தான் சாப்பிடும். நீங்க ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. என்னால ஊத்தாம இருக்க முடியல சித்தி."

இது முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படி உத்தரவு போட்டிருக்க மாட்டேன்.  ரசத்தை எடுத்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள், "நீங்க ஊத்தவே இல்லயா?"

"நான் எதுக்கு ஊத்துறேன்" என்றேன்.

அந்தச் சொம்புகளைப் பற்றி இங்கே எழுதியிருப்பது போதும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசையில் மந்திரித்த மெழுகுதிரியோடு வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் பின்கட்டுக்குப் போனோம். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, செடி சாகலாம் என்று நேராகவே சொன்னேன். வேரைத் திறந்து பார்க்காமல் விட்டால் நிச்சயம் செத்துவிடும். திறந்தால் பிழைக்கவும் கூடும்.

"இந்தத் தடவை நீ சொல்லு அமலி. நீ வேண்டாம்னா நான் தொடமாட்டேன்."

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா வாயைத் திறக்கப் போனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தோண்டுங்க" என்றாள். பிறகு, "இருங்க, நானும் வர்றேன்" என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

சுற்றிலும் சேற்றை அள்ளி வெளியே போட்டோம். ஒரு பக்கத்து வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது, அதை நறுக்கி எறிந்தேன். நறுக்கும்போது அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் செடியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. மறுபக்கத்து வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு ஒரு சாக்கு மணல் கொண்டு வந்தார். மணலும் எருவும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு வாய்க்கால் கீறிவிட்டோம்.

இனி யார் ஊற்றினாலும் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று சட்டம். என்னையும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. குச்சி குச்சியாகத்தான் நிற்கிறது.

பிப்ரவரி 12, புதன்

அமலிக்கு மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காய் வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். இரண்டு மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இன்று அவளாகவே, "சித்தி, கத்தரிக்கா எனக்குப் பிடிக்காது" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கத்தரிக்காய் பிடிக்காததில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அவருக்குச் சொன்னால் புரியாது.

பிப்ரவரி 17, திங்கள்

"சித்தி, இங்க வாங்க." பின்கட்டிலிருந்து அமலி கூப்பிட்டாள். அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.

அடிக்கட்டையிலிருந்தே துளிர், செம்பச்சையாக. ஒரு கணுவிலிருந்து இரண்டு இரண்டாக. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பால் தீய்ந்த வாசனை வந்து உள்ளே போனேன்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு மூன்று பேரும் வந்தோம். ஈஸ்டர் வரை வீட்டில் கவிச்சி கிடையாது, தலையில் பூ கிடையாது. அது தவிர ஆளுக்கொரு ஒறுத்தல். அவர் வெற்றிலையை விட்டிருக்கிறார். நான் காப்பிக்குச் சர்க்கரையை விட்டிருக்கிறேன். அமலி மாலையில் செல்போனைத் தொடுவதில்லையாம். பொழுது போகாமல் செடிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நானும் கீரை ஆய அங்கே போய்விடுகிறேன். உள்ளே ஒரே புழுக்கம்.

செடி இடுப்புக்குக் கீழே உருண்டையாக, அடர்த்தியாக வந்திருக்கிறது. குத்துச்செடி என்றால் இதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் மொட்டு வைத்துவிட்டது. ஒரு கிளை நுனியில் ஏழெட்டு. சந்தோஷப்பட்டுக்கொண்டே கொஞ்சம் கணக்கும் போட்டேன். மல்லி ஒரு சுற்றுப் பூத்துக் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கும். பிறகுதான் அடுத்த சுற்று. இது இப்போதே அவசரப்படுகிறது. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தவக்காலத்தில் பூத்துத் தீர்த்துவிட்டு ஈஸ்டர் அன்று இலையைக் காட்டிக்கொண்டு நின்றால் என் வாக்கு என்ன ஆவது.

மார்ச் 24, திங்கள்

பூவோ பூ. காலையில் பறித்தால் ஒரு கிண்ணம் நிறைகிறது. பறிக்காமல் செடியில் விடக் கூடாது, விட்டால் அடுத்த மொட்டு சுணங்கும்.

பறித்து என்ன செய்வது. கோயில் பீடத்திலும் இப்போது பூ வைப்பதில்லை. படத்துக்காவது வைக்கலாமா என்று அமலியிடம் கேட்டேன். "வேணாம் சித்தி. அம்மா தவக்காலத்துல பூ தொடாது. உயிர்ப்புப் பூசைக்குத்தான் வச்சுக்கும். அப்ப வைக்கலாம்."

பின்வீட்டுச் சுந்தரி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஏது தவக்காலம். "உங்க நோம்பு எனக்கு லாபம்" என்று வாங்கிக்கொண்டார். "கட்டியே குடுத்திருக்கலாமில்ல புஷ்பம்?"

"எனக்குப் பூக்கட்டத் தெரியாதுக்கா."

"நிலக்கோட்டைக்காரிக்குப் பூக்கட்டத் தெரியாதா? பேர்லயே பூவ வச்சிருக்க."

எங்கள் வீட்டில் பூ என்பது கிலோக் கணக்கு. விடியுமுன் பறித்து, ஈரத் துணியில் சுற்றி, முதல் பஸ்ஸில் சந்தைக்கு ஏற்றிவிடுவோம். கட்டுவதும் வைத்துக்கொள்வதும் வாங்குகிறவர்கள் பாடு. வீட்டில் யார் தலையிலும் பூ இருந்து நான் பார்த்ததில்லை. விடுதியில் வார்டன் பூ வைத்துக்கொண்டு நடமாட முடியுமா. அப்படியே போய்விட்டது. எப்படியும் எனக்குத் தலைவலிதான்.

சாயங்காலம் சுந்தரி அக்கா தலை நிறைய வைத்துக்கொண்டு மாடியில் உலாத்தினார். அமலியும் நானும் கீழேயிருந்து பார்த்தோம்.

"அவங்களுக்கு நல்லாத்தான் இருக்குல்ல" என்றாள் அமலி.

"கொஞ்சம் அதிகம்" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பூ குறைந்துவிட்டது. இன்று ஒரு கைப்பிடி. நான் பயந்தது போலவே.

அமலிக்குப் பரீட்சை நெருங்குகிறது. "ஈஸ்டருக்கு இருக்குமா சித்தி?" என்று புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள். இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலாம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சரி, இல்லாட்டியும் பரவால்ல" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொன்னதுதான் என்னைக் குடைகிறது. காய்ந்த நுனிகளைக் கிள்ளிவிட்டு, கடலைப்புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து ஊற்றினேன். மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சில மொட்டுகள் ஊதா நிறமாகி உள்ளே ஓட்டை. மொட்டுப்புழு. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தேன். கெட்ட மொட்டுகளையெல்லாம் பொறுக்கி எரித்தோம். அவர் விடுப்பு போட்டுவிட்டு வந்து டார்ச் அடித்து இலைக்குக் கீழே புழு தேடினார். டிக்கெட் இல்லாத பயணியைத் தேடுகிற அதே முகம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து கொண்டு வந்த ஓலையில் அவர் சிலுவை பின்னி நிலைப்படியில் செருகினார். ஒரு சின்னச் சிலுவை செய்து அமலி மல்லிச் செடியிலும் செருகியிருக்கிறாள். நான் பார்க்காதது போல் வந்துவிட்டேன்.

புது மொட்டுகள் அரிசி அளவில். நிறைய. ஆனால் அரிசி அளவில்.

ஏப்ரல் 16, புதன்

மிளகு அளவு.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

சிலுவைப்பாதை, கஞ்சி, மௌனம். மௌனத்தில்தான் மொட்டுகளைப் பார்த்தேன். வெளுத்துத் திரண்டிருக்கின்றன.

ஏப்ரல் 19, சனி

விடியற்காலையில் பறித்தோம். நான் ஒரு பக்கம், அமலி மறுபக்கம். கிண்ணம் போதாமல் அவள் உள்ளே ஓடி இட்லிக் குண்டானை எடுத்து வந்தாள். அதுவும் முக்கால்வாசி நிறைந்தது. எங்கள் அப்பா இருந்தால் பூவைக் கையில் அள்ளி எடையைச் சொல்லியிருப்பார். நான் எடை பார்க்கவில்லை. ஈரத் துணி போட்டு மூடிக் கூடத்தில் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து நின்றேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் பிலோமினா என்று சொல்லத் தோன்றியது. உன் செடிதான் காப்பாற்றியது என்பதுதான் சரி. அதைச் சொன்னேன்.

மதியம் அமலி வாழைநாரை நனைத்துக்கொண்டு படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். அவளுக்குக் கட்டத் தெரியும், அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. விரல் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் இரண்டு இரண்டு மொட்டாக எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"முழம் போடணும்" என்று கட்டியதைத் தன் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை நீட்டி அளந்தாள். முதல் சரத்தை அளந்து கத்தரித்து, தட்டில் தனியாக வைத்தாள். அது கல்லறைக்கு. இரண்டாவதையும் அதே மாதிரி அளந்து கத்தரித்தாள். ஒரு பூ கூடிவிட்டதோ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி செய்தாள். எதற்கு இந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவதாகக் கட்டியதை அளக்கவில்லை, நார் முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, இரவுப் பூசைக்குத் தன் பின்னலுக்கென்று எடுத்து வைத்தாள்.

மாலையில் கல்லறைக்குப் போனோம். உயிர்ப்புப் பூசைக்குத்தானே பூ, அதற்கு முன்பே கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "மலரும்போது அம்மா கிட்ட இருக்கட்டும்" என்றாள். அவர் கல்லைத் துடைத்தார். அவள் முதல் சரத்தைச் சிலுவையில் சுற்றினாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். தள்ளி நிற்பதுதான் முறை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இரவு உயிர்ப்புப் பூசைக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது சரத்தோடு வந்து பின்னால் நின்றாள்.

"திரும்புங்க சித்தி."

"எனக்கெதுக்கும்மா. எனக்கு ஆகாது. தலைவலி வரும்."

"வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"செடிக்குத் தண்ணி ஊத்தலன்னுகூடத்தான் சொன்னீங்க." கொண்டையில் ஊசியைத் தேடிக்கொண்டே சொன்னாள். "நீங்க சொம்புல ஊத்துனத நம்ம மொட்ட மாடியில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஊத்திட்டு, யாராச்சும் பாக்குறாங்களான்னு சுத்திச் சுத்திப் பாப்பீங்க. அப்பா கிட்டகூட நான் சொல்லல."

 அவள் சரத்தைச் சுற்றி ஊசி குத்தினாள். இதுவரை எனக்கென்று ஒருவர் கட்டி, அளந்து, வைத்துவிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

"அம்மாவுக்கு ஒரு முழம், உங்களுக்கு ஒரு முழம்" என்றாள். "சரியா அளந்துதான் கட்டுனேன். வேணும்னா முழம் போட்டுப் பாருங்க."

வாசலில் அவர் நேரமாயிற்று என்று விசில் ஊதினார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து திரும்பி நன்றாகத் தூங்கி எழுந்தோம். காப்பியில் சர்க்கரை போட்டேன். அவர் கறி வாங்கப் போயிருக்கிறார். அடுத்த மார்கழிக் கவாத்துக்கு அமலிதான் வெட்டப் போகிறாளாம், கத்தரியை இப்போதே எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள்.

தலைவலி வரவில்லை.